'இம்ப்ரூவ்' என்னும் சொல்லும் நாம் கேட்க வேண்டிய வினாவும்

கல்லூரி வாழ்வில் நாம் நாள்தோறும் கேட்கும் ஆங்கிலச் சொற்களுள் 'இம்ப்ரூவ்' என்பதும் ஒன்று. கையெழுத்தை இம்ப்ரூவ் செய்க என்பர் ஆசிரியர். மதிப்பெண்ணை இம்ப்ரூவ் செய்தல் வேண்டும் என்பர் பெற்றோர். விடுதிச் சாம்பாரை இம்ப்ரூவ் செய்தால் நன்று என்போம் நாம். கல்லூரிக்கு வெளியிலோ, தெருவையும் ஏரியையும் ஆற்றங்கரையையும் இம்ப்ரூவ் செய்வதற்குத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. இச்சொல் ஒலிக்கும் அவையில் மறுத்துரைப்பார் ஒருவரும் இலர். ஒன்றை நன்றாக்கப் போகிறோம் என்பாரை நோக்கி, வேண்டா என்று சொல்ல யாருக்குத்தான் வாய் எழும்?

அவையில் எல்லாரும் தலையசைக்கும் சொல் எதுவோ, அதனையே எடுத்து ஒருமுறை உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் மொழி பயில்வாரின் கடமை என்பது நமது கருத்து. அங்ஙனம் உரைத்துப் பார்க்குமிடத்து, 'இம்ப்ரூவ்' என்னும் வினைச்சொல் பிறந்த காலத்தில் 'நன்றாக்கு' என்று பொருள்படவில்லை என்பது புலனாகும். 'இலாபம் ஆக்கிக்கொள்' என்பதே அதன் முதற்பொருள். இலாபத்தினின்று நன்மைக்கு அச்சொல் நடந்து வந்த நெடுவழியில் ஒரு வினா தவறி விழுந்துபோயிற்று. அவ்வினாவைத் தேடி எடுத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வேரை ஆராய்வோம். கி.பி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், அந்நாட்டு நீதிமன்றங்களிலும் பெருநிலக்கிழாரின் கணக்கறைகளிலும் ஒருவகைப் பிரெஞ்சு மொழி வழங்கலாயிற்று. அம்மொழியில் 'ப்ரூ' என்னும் பெயர்ச்சொல் இலாபத்தைக் குறித்தது. அது 'பயன்' எனப் பொருள்படும் 'ப்ரோதே' என்னும் பிற்கால இலத்தீன் சொல்லின் வழி வந்தது. 'ப்ரூ' என்பதற்கு முன்னொட்டுச் சேர்த்து அமைத்த வினையே 'எம்ப்ரோவர்'. இலாபத்திற்கு உரியதாக்குதல் என்பது அதன் பொருள். அதுவே ஆங்கிலத்துட் புகுந்து, 'ப்ரூவ்', 'அப்ரூவ்' முதலிய சொற்களின் ஓசைக்கு இழுபட்டு 'இம்ப்ரூவ்' என நின்றது. செருக்கைக் குறிக்கும் 'ப்ரௌட்' என்னும் சொல்லும் அவ்வேரின் மற்றொரு கிளையே. பயனும் இலாபமும் பெருமிதமும் ஒரே வேரினின்று கிளைத்தமை எண்ணத்தக்கது.

இச்சொல்லுக்கு உடன்பிறந்தது ஒன்று சட்டநூல்களில் உண்டு. 1235-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மெர்ட்டன் சட்டம் என்பதொன்று பிறந்தது. ஊரார் கால்நடை மேய்த்துவந்த பொதுநிலத்தில், அவர்கள் மேய்ச்சலுக்குப் போதுமான அளவு விட்டுவைத்து, எஞ்சியதை வேலியிட்டுத் தனதாக்கிக்கொள்ள நிலக்கிழாருக்கு அச்சட்டம் இடந்தந்தது. இவ்வுரிமையைச் சட்ட நூலார் 'அப்ரூவ்மெண்ட்' என்றனர். ஒப்புதல் தருதலைக் குறிக்கும் 'அப்ரூவ்' வேறு. இந்த 'அப்ரூவ்' அதே 'ப்ரூ' என்னும் இலாபத்தின் வழிவந்தது. ஆகவே வேலி என்பது இச்சொற்குடும்பத்தில் பிற்காலத்து ஒட்டிக்கொண்ட பொருளன்று. தொட்டிலிலேயே உடனிருந்த பொருள்.

ஈண்டு ஒரு வியப்பையும் சொல்லிச் செல்வோம். இதே எழுத்தும் ஒலியும் கொண்ட வேறொரு 'இம்ப்ரூவ்' பழைய ஆங்கிலத்தில் வழங்கிற்று. இலத்தீன் மொழியில் ஏற்க மறுத்தலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த அது, கண்டித்தல், தவறென்று நாட்டுதல் எனப் பொருள்பட்டது. வில்லியம் திண்டேல் 1526-இல் அச்சேற்றிய புதிய ஏற்பாட்டில், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் அச்சொல்லைக் காணலாம். 1611-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் கண்டித்தலைக் குறிக்கும் வேறு சொல்லை வைத்தது. கண்டித்தற்பொருள் கொண்ட 'இம்ப்ரூவ்' இன்று அடியோடு மறைந்தது; இலாபப்பொருள் கொண்டதே நிலைத்தது. நம்மைக் கண்டிக்கும் சொல்லை உலகம் மறப்பதும், நமக்கு ஆதாயந்தரும் சொல்லைப் போற்றுவதும் இயல்புதானே!

இனி, அந்த இலாபச்சொல் வளர்ந்த நிலத்திற்குச் செல்வோம். நிலத்தைத்தான் சொல்கிறோம், ஏனெனில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் 'இம்ப்ரூவ்' என்றாலே பெரும்பாலும் நிலத்தை நினைத்தனர். வால்ட்டர் பிளைத் என்பார் 1649-இல் உழவு பற்றி ஒரு நூல் எழுதி, அதற்கு 'இங்கிலாந்தின் இம்ப்ரூவர்' என்று பெயரிட்டார். 1652-இல் அதனை விரித்து, 'இம்ப்ரூவ் செய்யப்பட்ட இம்ப்ரூவர்' என்று மீண்டும் வெளியிட்டார். நீர் தேங்கிய நிலத்தை வடித்தல், தழையும் சுண்ணமும் இடுதல், புல்விதைத்தல் ஆகிய யாவும் அக்காலத்தார் கருத்தில் இச்சொல்லுள் அடங்கும். இவை நற்றொழில்களே, விளைவும் பெருகியது. ஆனால் அவற்றோடு வேலியும் சேர்ந்தே வந்தது.

நம் ஊர்களில் மந்தைவெளி என்றும் மேய்ச்சற் புறம்போக்கு என்றும் சொல்லும் நிலங்களைப் போன்றவை இங்கிலாந்தின் ஊர்தோறும் இருந்தன. கையகல நிலமும் இல்லாத ஏழையும் அங்கே ஒரு பசுவை மேயவிடலாம். குளிருக்கு விறகும் சுள்ளியும் பொறுக்கலாம். எழுதிய பத்திரம் அவனிடம் இல்லை. பாட்டன் காலந்தொட்டு வந்த வழக்கமே அவன் பத்திரம். அத்தகைய நிலங்களை அளந்து, பங்கிட்டு, வேலியிட்டுத் தனியுடைமை ஆக்குவதற்குப் பாராளுமன்றம் ஊருக்கு ஒன்றாகச் சட்டம் இயற்றிற்று. 1604 முதல் 1914 வரை இயற்றப்பட்ட அத்தகைய சட்டங்கள் 5,200-க்கும் மேற்பட்டவை. அவற்றால் வேலிக்குள் அடங்கிய நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் சற்று மிகுதி. இத்துணையும் 'இம்ப்ரூவ்மெண்ட்' என்னும் பெயராலேயே போற்றப்பட்டது.

அப்பெயர் பொய் என்று நாம் சொல்லவில்லை. விளைச்சல் மிகுந்தது, வாரமும் குத்தகையும் உயர்ந்தன. ஆனால் பசு வைத்திருந்தவனுக்கு அப்பசு போயிற்று. வேலியிடுதலை ஊர்ஊராகச் சென்று வற்புறுத்தி எழுதியவர் ஆர்தர் யங் என்னும் உழவுநூலறிஞர். அவரே 1801-இல் எழுதிய நூலொன்றில், பொதுநிலம் இழந்த ஏழைகள் பட்ட இழப்பை எடுத்துரைத்து, தரிசு நிலங்களை அவர்கள் வாழ்வுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று வாதாடினார். இம்ப்ரூவ்மெண்டின் தூதுவராக இருந்தவரே அதன் கணக்கேட்டின் செலவுப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார் என்பது அறிந்து மகிழத்தக்கது.

இலாபச்சொல் நன்மைச்சொல்லாக உயர்ந்தது எங்ஙனம்? அது படிப்படியாக நிகழ்ந்தது. நிலத்தினின்று பயன்கொள்வதுபோல நேரத்தினின்றும், வாய்ப்பினின்றும், கல்வியினின்றும் பயன்கொள்ளலாம் அன்றோ? எனவே அவற்றிற்கும் அச்சொல் பரவிற்று. இயற்கையறிவைப் பெருக்குதற்கென இலண்டனில் அமைந்த அரச கழகம் 1663-ஆம் ஆண்டின் பட்டயத்தில் தன் முழுப்பெயரிலேயே இச்சொல்லைத் தாங்கியது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் போதகர்கள், பிரசங்கத்தின் முடிவில் கேட்போர் தம் வாழ்விற்குக் கொள்ளவேண்டிய பயனைக் கூறும் பகுதியை 'இம்ப்ரூவ்மெண்ட்' என்றே அழைத்தனர். ஐசக் வாட்ஸ் 1715-இல் சிறுவர்க்கெனப் பாடிய தேனீப் பாட்டிலும், ஒளிவீசும் பொழுதைத் தேனீ 'இம்ப்ரூவ்' செய்கிறது. பொழுதைத் தேனீ சிறப்பாக்குகிறது என்று இன்றைய மாணவர் பொருள்கொண்டால் பாட்டுப் பிழைபடும். பொழுதை வீணாக்காது ஆதாயப்படுத்துகிறது என்பதே பொருள்.

தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். எசமானன் ஒப்புவித்த தாலந்துகளைக் கொண்டு வாணிகம் செய்து பெருக்கிய ஊழியரின் செயலைப் பழைய ஆங்கிலப் போதகர் தாலந்தை 'இம்ப்ரூவ்' செய்தல் என்றனர். அங்கே அச்சொல் தன் முதற்பொருளிலேயே, அஃதாவது முதலை வட்டியும் இலாபமுமாகப் பெருக்குதல் என்னும் பொருளிலேயே நின்றது. பின்னர்த் 'தாலந்து' என்னும் நாணய நிறை ஆங்கிலத்தில் இயற்கைத் திறமைக்குப் பெயராயிற்று. அதனோடு 'இம்ப்ரூவ்' என்பதும் திறமையைச் செம்மைப்படுத்தும் சொல்லாயிற்று. ஆயினும் அவ்வுவமையில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. பெருக்கியது யாருடைய பொருள் என்பதும், யாரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதும் அதில் தெளிவாக உள்ளன. சொல் உயர்ந்தபோது விழுந்துபோனது அந்தக் கணக்கே.

1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் பேரகராதியை வெளியிட்டபோது இம்மாற்றம் முற்றுப்பெற்றிருந்தது. நல்லதை மேலும் நல்லதாக்குதலே 'இம்ப்ரூவ்' எனவும், தீயதைச் சரிசெய்தற்கு வேறு சொல் உண்டெனவும் அவர் பிரித்துக் காட்டினார். அச்சொல்லின் பிறப்பைக் கூறுமிடத்தோ, 'நல்லது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்ததாகத் தம் முன்னோர் ஒருவரைப் பின்பற்றி எழுதினார். பேரறிஞராகிய அவருக்கே இலாபம் என்னும் வேர் கண்ணுக்குத் தெரியவில்லை. செல்வர் ஆனபின் தம் பழைய தொழிலை மறைத்து, பெரிய குலத்தில் பிறந்ததாக வரலாறு எழுதுவித்துக்கொள்பவரைப்போல, இச்சொல்லும் தனக்கொரு நல்ல குலமுறையைத் தேடிக்கொண்டது.

வேர் மறைந்ததே ஒழியப் பட்டுப்போகவில்லை. ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லாந்து என்னும் நிலப்பகுதி உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் உடைமையாளர், உட்பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த உழவர்களை அகற்றி, கடற்கரையோரச் சிறுதுண்டு நிலங்களுக்கு அனுப்பிவிட்டு, அந்நிலங்களை ஆட்டுப்பண்ணைகளாக மாற்றினர். வீடுகளின் உத்திரங்கள் கொளுத்தப்பட்டன. குடியகற்றலை நடத்திய பேட்ரிக் செல்லர் மீது வழக்கு நடந்தது. 1816-இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. அவ்வுடைமையின் ஆட்சிப்பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் லாக் 1820-இல் இவற்றையெல்லாம் ஆதரித்து ஒரு நூல் எழுதினார். நூலின் பெயரே, அவ்வுடைமைகளில் நடந்த 'இம்ப்ரூவ்மெண்டு'களின் வரலாறு என்பது. குடியிழந்தாரின் வழித்தோன்றல்களும் வரலாற்று நூலாரும் அதே நிகழ்ச்சியை 'கிளியரன்ஸ்' என்பர். அகற்றல் என்பது அதன் பொருள். செயல் ஒன்று, பெயர் இரண்டு. எப்பெயரை இடுவது என்பது, பெயரிடுபவர் வேலிக்கு எப்புறம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

வேலி கடலையும் கடந்தது. ஜான் லாக் என்னும் மெய்ந்நூலறிஞர் 1689-இல் வெளியிட்ட அரசியல் நூலில், ஒருவன் தன் உழைப்பால் உழுது நட்டு இம்ப்ரூவ் செய்த அளவு நிலம் அவனுக்கு உடைமையாகும் என்று நாட்டினார். கேட்பதற்கு இது நீதியாகவே உள்ளது. ஆனால் அமெரிக்கப் பழங்குடிகள் தம் நிலத்தை ஆங்கிலேயர் முறையில் உழவில்லையாதலின், அது பாழ்நிலம் என்று கருதவும் அவ்வாதம் இடந்தந்தது. வேட்டையாடியும் கனி பொறுக்கியும் சிறுதோட்டம் இட்டும் ஒரு மக்கட்கூட்டம் வாழ்ந்த நிலம், இம்ப்ரூவ் செய்யப்படாத நிலம் ஆயிற்று. அங்ஙனம் ஆனவுடன் அது பிறர் எடுத்துக்கொள்ளத்தக்கதும் ஆயிற்று. ஒரு வினைச்சொல் ஒரு கண்டத்தின் உரிமையை நிறுக்கும் தராசாகப் பயன்பட்டமை எண்ணுந்தோறும் திகைப்பைத் தருகிறது.

இங்கே ஒருவர் நம்மை மறிக்கலாம். "சொல்லின் வேரைக் கொண்டு அதன் பொருளைத் தீர்மானிப்பது மொழிநூல் முறையன்று. நாற்றம் முன்பு நறுமணம், இன்று துர்க்கந்தம். களித்தல் முன்பு கள்ளுண்டு மயங்குதல், இன்று மகிழ்தல். ஊதியம் முன்பு இலாபம்; இன்று சம்பளம். அவ்வாறே இம்ப்ரூவ் என்பதும் மாறிற்று. அதற்கு இத்துணை ஆரவாரம் எதற்கு?" என்று அவர் வினவலாம். தக்க வினாவே. பொருள் மாறுதல் மொழியின் இயல்பு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் களிக்கும் குழந்தையைக் கண்டு கள்ளை நினைப்பார் ஒருவரும் இலர். பழம்பொருள் அங்கே முற்றும் இறந்தது. 'இம்ப்ரூவ்' என்பதன் பழம்பொருளோ இறக்கவில்லை. அமெரிக்க நாட்டு நிலச்சட்டத்தில் இன்றும் கட்டடம் முதலியன எழுப்பி மதிப்பை உயர்த்திய நிலமே 'இம்ப்ரூவ்' செய்த நிலம். புதுப்பொருளின் நல்ல ஆடையை உடுத்துப் பழம்பொருள் இன்னமும் உலவிவருகிறது. அதனாலேயே விழிப்பு வேண்டும் என்கிறோம்.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் மறைத்தல் நேர்மையாகாது. இச்சொல்லை ஏழைகளும் தமதாக்கிக்கொண்டனர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்தொழிலாளர், பகலெல்லாம் உழைத்து இரவில் ஒன்றுகூடி, ஒருவருக்கொருவர் எழுத்தும் கணக்கும் கற்பித்துக்கொண்டனர். அக்கூட்டங்களுக்கு அவர்கள் இட்ட பெயர் பரஸ்பர 'இம்ப்ரூவ்மெண்ட்' சங்கம் என்பது. லீட்ஸ் நகரில் அத்தகைய சங்கம் ஒன்றில் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1845-இல் ஆற்றிய சொற்பொழிவே, 1859-இல் அவர் வெளியிட்ட 'தன்னுதவி' என்னும் புகழ்பெற்ற நூலுக்கு வித்தாயிற்று. அங்கே உழைத்தவரும் அவரே, பயன்கொண்டவரும் அவரே; ஆதலின் அச்சொல் அங்கே மாசற்று ஒளிர்ந்தது.

சட்டமும் சிலபோது விழித்துக்கொண்டது. குத்தகைக்காரன் தன் கைப்பொருளிட்டுக் கிணறு வெட்டி, மரம் வைத்து, வரப்புயர்த்தி நிலத்தைச் சிறக்கச் செய்வான்; நிலம் சிறந்தவுடன் உடைமையாளன் அவனை வெளியேற்றிவிட்டு அச்சிறப்பைத் தான் கொள்வான். இக்கொடுமையைத் தடுக்க 1870-இல் அயர்லாந்திற்கென ஒரு சட்டம் பிறந்தது. 1887-இல் அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலையாளக் கரையில் மலபார் குத்தகைக்காரர் இழப்பீட்டுச் சட்டம் பிறந்தது. வெளியேற்றப்படும் குத்தகைக்காரன் செய்த 'இம்ப்ரூவ்மெண்டு'களுக்கு உரிய விலையை அவனுக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது இவற்றின் சாரம். யாருடைய உழைப்பு, யாருக்கு இலாபம் என்னும் வினாவைச் சட்டம் வாய்விட்டுக் கேட்ட இடங்கள் இவை. வினா எழுந்தவிடத்து நீதியும் ஒருசிறிது எழுந்தது.

நகரங்களுக்கு வருவோம். 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. அதன் பின்னர் 1898-இல் அந்நகருக்கு 'இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்' அமைந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அகன்ற தெருக்கள் தோன்றின. வீடிழந்த ஏழைகளிற் பலர் பக்கத்துச் சந்துகளில் இன்னும் நெருக்கமாக ஒண்டிக்கொண்டனர். கல்கத்தாவும் அவ்வழியே சென்றது. சென்னையிலும் அத்தகைய டிரஸ்ட் இருந்தது. அதன் பெயரின் முதலெழுத்துகளே சி.ஐ.டி. நகர் என்னும் பெயரில் இன்றும் வாழ்கின்றன. அந்நகரத்துப் பேருந்துப் பலகையைக் கண்டு, அங்கே துப்பறியும் காவலர் குடியிருக்கின்றனர் என்று எண்ணும் வெளியூர் மாணவர் இதனை அறிந்துகொள்வாராக!

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'இம்ப்ரூவ்மெண்ட்', 'கிளியரன்ஸ்' ஆகிய இருசொற்களும் அருகருகே நிற்கின்றன. சதர்லாந்தில் ஒரே செயலுக்கு எதிரெதிர்ப் பக்கத்தார் இட்ட இருபெயரும் ஈண்டு ஒரே சட்டத்தின் நெற்றியில் எழுதப்பட்டுள்ளன. 1970-இல் தோன்றிய வாரியத்திற்குத் தமிழில் 'குடிசை மாற்று வாரியம்' என்று பெயரிட்டிருந்தனர். 2021-இல் அது 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. வாரியத்தின் பணியைக் குறைகூறுதல் நமது நோக்கமன்று. மழைக்கு ஒழுகாத கூரை ஒரு பெரும்பேறே. ஆயினும் ஆற்றங்கரையிலிருந்து நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு, வீட்டுவேலையும் கூலிவேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல கல் தொலைவு விலகிப்போயின என்பதையும் மறத்தல் ஆகாது. 'மாற்று' என்னும் பழைய சொல், ஒன்று போய் ஒன்று வருகிறது என்னும் உண்மையை வெளிப்படையாகச் சொல்லிற்று. 'மேம்பாடு' என்னும் சொல், வந்ததை மட்டும் சொல்கிறது; போனதைச் சொல்வதில்லை.

இங்கேதான் தமிழ் பயிலும் நமக்கு வேலை பிறக்கிறது. 'மேம்படுதல்' என்பது நம் பழைய வழக்கில் சிறத்தல், உயர்தல் என்று பொருள்படும் தன்வினை. ஒருவன் கல்வியால் மேம்பட்டான், ஈகையால் மேம்பட்டான் என்பது மரபு. மேல் என்னும் உயரமே அச்சொல்லின் உயிர். ஆங்கிலச் சொல்லை அகழ்ந்தால் அடியில் இலாபமாவது தட்டுப்படும். 'மேம்படுத்து' என்னும் நம் சொல்லை எத்துணை ஆழம் அகழ்ந்தாலும் உயர்வையன்றி வேறொன்றையும் காணமாட்டோம். ஆதலின் 'இம்ப்ரூவ்' வரும் இடந்தோறும் கண்ணை மூடிக்கொண்டு 'மேம்படுத்து' என்று பெயர்த்தால், ஆங்கிலத்தில் அரைகுறையாக மறைந்த வினா தமிழில் அறவே மறைந்துபோகும்.

நமக்கு வேறு சொற்கள் இல்லையா? நிலத்தை உழுது எருவிட்டால் பண்படுத்துகிறோம், காட்டைக் கழனியாக்கினால் திருத்துகிறோம், தேர்வுத்தாளையும் அச்சுப்படியையும் அவ்வாறே திருத்துகிறோம், பழுதுபட்ட சாலையைச் செப்பனிடுகிறோம், ஏரியைத் தூர்வாருகிறோம், முதலைப் பெருக்குகிறோம், குடிகளை இடம்பெயர்க்கிறோம். இவை ஒவ்வொன்றும் யார், எதனை, என் செய்தார் என்பதை உள்ளபடி காட்டும் சொற்கள். சாலையை அகலப்படுத்தினால் அகலப்படுத்தினோம் என்க. வாடகையை உயர்த்தினால் உயர்த்தினோம் என்க. குடிசைகளை அகற்றினால் அகற்றினோம் என்க. அதன்பின் அது மேம்பாடா அன்றா என்பதைக் கேட்போர் தாமே தீர்மானிப்பர்.

இத்தொடர்பில் நம் மொழியின் சொல்லொன்றே நமக்குப் பெரும் பாடமாக நிற்கிறது. 'புறம்போக்கு' என்பது வருவாய்த்துறைச் சொல். தீர்வை விதிக்காமல் புறம்பாக ஒதுக்கிய நிலத்தை அது குறித்தது. ஏரியும் ஆறும், வண்டிப்பாதையும் மந்தைவெளியும், சுடுகாடும் களமும் புறம்போக்கே; ஊரின் உயிர்நாடி முழுவதும் அதில் அடங்கும். அரசின் கணக்கேட்டில் வருவாய் தராத ஒரே காரணத்தால், அச்சொல் நாளடைவில் இழிந்து, உதவாக்கரை மனிதனை ஏசும் வசைமொழியாயிற்று. அங்கே இலாபம் தருவதைக் குறித்த சொல் நன்மைக்குப் பெயராக உயர்ந்தது. இங்கே வரி தராததைக் குறித்த சொல் வசையாகத் தாழ்ந்தது. இரண்டும் ஒரே தராசின் இருதட்டுகள். கணக்குப்பிள்ளையின் தராசில் மொழியை நிறுத்தால் விளைவது இதுவே.

ஆகவே நாம் வேண்டுவது இது. 'இம்ப்ரூவ்' என்னும் சொல்லை அகராதியிலிருந்து நீக்குமாறு கேட்கவில்லை. அதன் அருகில் 'யாருக்கு?' என்னும் ஒரு சிறு வினாவை நிறுத்துமாறே கேட்கிறோம். கையெழுத்தை இம்ப்ரூவ் செய்க என்றால், யாருக்கு என்னும் வினாவிற்கு விடை எளிது. எழுதுபவனுக்கும் நன்று, படிப்பவருக்கும் நன்று. ஏரிக்கரையை இம்ப்ரூவ் செய்வோம் என்றால், நடைபயில வருவோருக்கா, கரையில் வலை உலர்த்துவோருக்கா, ஏரிநீரை நம்பிய வயலுக்கா என்று கேட்போம். விடை கிடைத்தால் மகிழ்ந்து உடன்படுவோம்; விடை கிடைக்காத இடத்தில் தலையசைக்காதிருப்போம்.

இன்று இங்கே பயிலும் நம்மிற் பலர் நாளை மொழிபெயர்ப்பாளராகவும், ஆசிரியராகவும், செய்தித்தாள் எழுதுவோராகவும், அரசாணைகளைத் தமிழில் வரைவோராகவும் அமர்வோம். அந்நாளில் நம் மேசைக்கு இச்சொல் வந்தே தீரும். வரும்போது, அதனை மேம்பாடு என்று விரைந்து எழுதிவிடாமல், எழுதுகோலை ஒரு நொடி நிறுத்தி, இதனால் யார் பெறுகிறார், யார் இழக்கிறார் என்று எண்ணிப் பார்ப்போமாக. அந்த ஒரு நொடியில், பத்திரமில்லாத ஏழை ஒருவனின் வழக்கு நம் எழுதுகோலின் முனையில் நின்றுகொண்டிருக்கும்.